பாமன்கடை ஒழுங்கையில் ஒரு மெய்யியலாளர்

காலி வீதியின் இரைச்சலை விட்டு உட்புறமாகத் திரும்பினால் வெள்ளவத்தை மெல்ல மெல்லப் பாமன்கடையாக மாறும். கடலுக்கு முதுகு காட்டிச் செல்லும் அவ்வழியில், பாமன்கடை ஒழுங்கையில், 'திருவல்லா' என்று பெயரிடப்பட்ட வீடொன்று இருந்தது. கேரளத்து ஊரொன்றின் பெயரைக் கொழும்பில் தாங்கி நின்ற அவ்வீட்டின் முகவரி, 1963ஆம் ஆண்டின் பின்னர் கடல் கடந்த நாடுகளிலும் அச்சேறியது. இயற்கையை மீறிய ஆற்றல் தமக்குண்டு என்போர் எவராயினும், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அதனை மெய்ப்பித்துக் காட்டின் ஓர் இலட்சம் இலங்கை ரூபாய் பெறலாம் என்பது அம்முகவரியிலிருந்து வெளிவந்த அறைகூவலின் சாரம். அறைகூவியவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர். ஏபிரகாம் தோமஸ் கோவூர் என்பது அவர் பெயர்.

கோவூரை மெய்யியலாளர் என அழைக்கப் பல்கலைக்கழக மெய்யியற்றுறைகள் தயங்கக்கூடும். அவர் எந்தத் துறையிலும் விரிவுரை ஆற்றியவரல்லர். பிளேற்றோவுக்கோ சங்கரருக்கோ உரை எழுதியவருமல்லர். ஆயினும் மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றனை, அதாவது உடலின் வேறாக மனமென ஒன்று உண்டோ, உடல் வீழ்ந்தபின் அது எஞ்சுமோ என்னும் வினாவை, வாழ்நாள் முழுதும் விடாது பற்றி நின்றவர் அவர். அவ்வினாவை அவர் நூலகத்தில் ஆராயவில்லை. கல் விழும் கூரைகளின் கீழும், கலை வந்து ஆடும் பெண்களின் முன்னிலையிலும், சோதிடர்களின் முற்றத்திலும் நின்று ஆராய்ந்தார்.

கொழும்பு மாநகருக்கு இவ்வினா புதிதன்று. மீகெட்டுவத்தை குணானந்த தேரர் வாழ்ந்த தீபதுத்தாராமய விகாரை கொட்டாஞ்சேனையில் உள்ளது. அங்கிருந்து புறப்பட்டே அவர் 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் கிறித்தவப் போதகர்களோடு வாதிட்டார். வெஸ்லியன் சபையைச் சேர்ந்த டேவிட் டி சில்வா அவ்வாதத்தில் எழுப்பிய முதற் கேள்வியே ஆன்மா பற்றியது: ஆன்மா இல்லையென்று பௌத்தம் கூறுமாயின், மறுபிறப்பில் வினைப்பயனை நுகர்பவர் யார்? ஆயிரக்கணக்கான பொதுமக்கள் கூடிநின்று இத்தகைய நுண்பொருளைச் செவிமடுத்தனர் என்பது வியக்கத்தக்கதே. அவ்வாதத்தை ஆங்கிலத்தில் அமெரிக்காவில் வெளியிட்டவர் பீபிள்ஸ் என்பார். அவரோ இறந்தோருடன் உரையாடல் இயலும் என நம்பிய ஆவியுலகவாதி. அந்நூல் வழியாகவே இலங்கையை அறிந்து, 1880இல் கேணல் ஒல்கொற் இங்கு வந்திறங்கினார். ஆன்மா உண்டா எனக் கேட்ட வாதத்தை ஆவிகளை நம்பியவர் உலகுக்குக் கொண்டுசென்ற இவ்விநோதத்தைக் கோவூர் அறிந்திருப்பின் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

குணானந்தரும் டி சில்வாவும் பகைவராயினும் ஒன்றில் உடன்பட்டனர்: இறப்பின் பின் ஏதோ தொடர்கின்றது. தொண்ணூறு ஆண்டுகளின் பின் பாமன்கடையிலிருந்து எழுந்த குரல் அந்த உடன்பாட்டையே மறுத்தது.

கோவூர் 1898 ஏப்ரல் 10ஆம் நாள் திருவல்லாவிற் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா சபையின் உயர்நிலைக் குருவானவர். மகனும் தம்பி பெகனனும் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு வங்கவாசிக் கல்லூரியிற் பயின்றனர். தம்பி பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராகி, யோகத்தை அறிவியல் நோக்கில் மதிப்பிடும் நூலொன்றினை 1937இல் வெளியிட்டார். தமையன் தாவரங்களையும் விலங்குகளையும் கற்றார். ஒரே வீட்டில் வளர்ந்த குருவானவரின் மைந்தர் இருவரும், வெவ்வேறு வாயில்களினூடே, மனத்தைப் பற்றிய ஒரே வினாவிடம் வந்து சேர்ந்தமை தற்செயலாக இருத்தல் அரிது.

கல்கத்தா நாட்களைப் பற்றிக் கோவூர் சொல்லும் கதையொன்றுண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கங்கைநீர் கொண்டுவருமாறு அயலவர் கேட்டிருந்தனர். மறந்துபோன இளைஞர், வழியிலே புகையிரத நிலையமொன்றின் குழாயில் போத்தலை நிரப்பி வந்து கொடுத்தார். அடுத்த முறை சென்றபோது, அந்நீரின் அற்புத குணங்களை ஊரார் நன்றியோடு எடுத்துரைத்தனராம். குழாய்நீர் நோயைத் தீர்த்தது என்பதனை நகைச்சுவையாக மட்டும் கொள்ளலாகாது. தீர்ந்தது உண்மையாயின் அதனைத் தீர்த்தது எது? போத்தலில் இருந்ததன்று, குடித்தவரிடம் இருந்தது. கோவூரின் பிற்கால ஆராய்ச்சி முழுவதும் அப்போத்தலினுள் அடங்கியிருந்தது எனலாம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதிபர் காஷ் அடிகளாரின் அழைப்பின் பேரில் 1928இல் அவர் இலங்கை வந்தார். 1943 வரை அங்குத் தாவரவியல் கற்பித்தார். மெதடிஸ்த மிஷன் கல்லூரியாதலின் ஓராண்டு வேதபாடமும் அவர்பால் ஒப்படைக்கப்பட்டது. பரீட்சைப் பெறுபேறுகள் மிகச் சிறப்பாக அமைந்தன. அடுத்த ஆண்டு அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. காரணம் வினவியபோது, மாணவர் யாவரும் சித்தியெய்தினர், ஆனால் யாவரும் சமயத்தை இழந்துவிட்டனர் என்னும் பொருள்பட அதிபர் விடையளித்ததாகக் கோவூரே பின்னாளிற் கூறி மகிழ்வதுண்டு. அந்த அதிபரின் பெருந்தன்மையும் ஈண்டு கருதத்தக்கது: பாடத்தைத்தான் மாற்றினார், ஆசிரியரை வெளியேற்றவில்லை. பின்னர் காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசை சென் தோமஸ் கல்லூரி என்பவற்றிற் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் 1959இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். இறக்கும் வரை அப்பொறுப்பை வகித்தார்.

தாவரவியல் ஆசிரியர் ஒருவர் மனத்தை ஆராயப் புகுந்தமை தடம்மாறிய செயலாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே நேர்வழி. 'கூர்ப்பு' என இந்நாட்டுப் பாடநூல்கள் குறிக்கும் கொள்கையைக் கற்பிக்கும் எவரும், ஒருநாள் வகுப்பறையில் இவ்வினாவை எதிர்கொண்டே ஆகவேண்டும்: அமீபாவிலிருந்து மனிதன் வரை ஒரே தொடரெனின், அத்தொடரில் ஆன்மா நுழைந்த இடம் யாது? டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த வாலஸ் இவ்விடத்தில் தடுமாறினார். மனிதனின் உடல் கூர்ப்பால் வந்தது, மனம் அவ்வாறு வரவில்லை என 1869இல் எழுதினார். அதற்கு முன்பே ஆவி அழைக்கும் இரவுக் கூட்டங்களில் அவர் அமரத் தொடங்கியிருந்தார். டார்வினுக்கு அது பெருந்துயரம் அளித்தது. 1871இல் வெளியிட்ட மனித இனத் தோற்றம் பற்றிய நூலில், மனிதமனத்துக்கும் விலங்குமனத்துக்கும் இடையே உள்ளது அளவு வேறுபாடே என வாதிட்டார். அறிவியல் வரலாற்றின் மிகப் பெரிய நண்பர் இருவர் பிரிந்த அக்கவையில், கோவூர் டார்வினின் பக்கம் சிறிதும் ஐயமின்றி நின்றார். உயிர் என்பது கலங்களின் தொழிற்பாடு. மனம் என்பது மூளையின் தொழிற்பாடு. தொழிற்பாடு நின்றபின் அது எங்கே சென்றது என வினவுதல் பொருளற்றது. இதுவே அவர்தம் மெய்யியல்.

இத்துணை எளிய மெய்யியலை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியங்களே சிக்கலானவை.

அக்காலத்துப் பத்திரிகைகளில் அவர் எழுதிய அனுபவங்களைப் படித்தோர் ஒரு பொதுவான அமைப்பைக் கண்டிருப்பர். ஒரு வீடு, கூரையில் கற்கள் விழுகின்றன, கொடியில் உலரும் துணி தானே தீப்பற்றுகின்றது, சமைத்த சோற்றில் மண் கிடக்கின்றது. மாந்திரீகர் வந்து கழிப்புக் கழித்தும் பயனில்லை. இறுதியிற் கோவூர் அழைக்கப்படுகின்றார். வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து உரையாடுவது அவர் முறை. நெடுநேரம் கேட்பார். பேயைப் பற்றி அதிகம் வினவமாட்டார். அவ்வீட்டு மனிதரைப் பற்றியே வினவுவார். பெரும்பாலும் இறுதியில் கல்லெறிந்தவர் அவ்வீட்டுள்ளேயே இருப்பார். அவர் யார் என்பதே கவனிக்கத்தக்கது. விரும்பாத மணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட பெண். படிப்பு நிறுத்தப்பட்ட சிறுமி. மலைநாட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டுத் தாயைக் காணாதிருக்கும் பிள்ளை. மாமியின் சொல் பொறுக்கமாட்டாத மருமகள். இத்தகையோரே அவ்வீடுகளில் பேயின் தொழிலைச் செய்தவர். அந்தந்த வீட்டில் வாய்திறக்கும் உரிமை அற்றவர் எவரோ, அவர் வழியாகவே பேய் வாய் திறந்தது. எறிந்தவர்களுட் சிலர் தாம் எறிந்ததனையே அறியாதிருந்தனர். கோவூர் அறிதுயில் முறையால் அவர்களை அமைதிப்படுத்தி, வீட்டாருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லி வெளியேறுவார்.

இதன் பெறுமதியை உணர்வதற்கு அக்காலக் கொழும்புக் குடும்பங்களின் நிலையையும் நினைத்தல் வேண்டும். மகளுக்குப் பேய் பிடித்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. பேய் வரும், போகும். மகளுக்கு மனநோய் என்று சொன்னால் அவளுக்கு மட்டுமன்றி அவள் தங்கைமாருக்கும் வரன் வாராது. 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயரே அங்கிருந்த மனநோய் வைத்தியசாலையின் காரணமாக வசைச்சொல்லாக மாறியிருந்தது. ஆகவே நோயாளிகள் வைத்தியரிடம் செல்வதற்கு முன்னர், கொட்டாஞ்சேனையிலும் அதற்கு அப்பாலும் உள்ள சந்நிதிகள் பலவற்றில் ஏறி இறங்கினர். செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் கூடும் திரளில் சைவரும் பௌத்தரும் கலந்திருப்பதைக் காண்பவருக்கு, துன்பத்துக்குச் சமயபேதமில்லை என்பது விளங்கும். பிரம்படியாலும் மிளகாய்ப் புகையாலும் பேயோட்டும் வழக்கமும் இருந்தது. அடிபட்டது பேயன்று. ஒரு பெண்ணின் முதுகு அந்த மெய்யியற் பிழையின் விலையைச் செலுத்தியது. ஆன்மா உண்டா என்னும் வினா பாணந்துறை மேடையில் வாதமாக இருந்தது. வீட்டின் உள்ளறையில் அது காயமாக இருந்தது. கோவூரின் கோபம் இவ்விரண்டாம் இடத்திலிருந்து பிறந்தது என்று கொள்வதே அவருக்கு நீதியாகும்.

அறைகூவல் பட்டியலும் ஒரு தாவரவியலாளனின் நுணுக்கத்தோடு அமைந்தது. முத்திரையிட்ட உறையினுள் உள்ள நாணயத்தாளின் தொடரிலக்கத்தைப் படித்தல், ஐந்து நிமிடம் இதயத்துடிப்பை நிறுத்துதல், நீரின்மேல் நடத்தல், துண்டிக்கப்பட்ட உறுப்பைப் பிரார்த்தனையால் ஓர் அங்குலமாயினும் வளரச் செய்தல் என இருபதுக்கும் மேற்பட்ட செயல்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றே ஒன்றைச் செய்தாற் போதும். தணல்மேல் நடக்குமாறு அவர் கேட்கவில்லை என்பதனைப் பலர் கவனிப்பதில்லை. அரை நிமிடம் தணல்மேல் அசையாது நிற்குமாறே கேட்டார். உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலும் கதிர்காமத்திலும் தீமிதிப்போர் பாதம் தணலைத் தொடுவது சிறுபொழுதே. கரி வெப்பத்தை விரைவிற் கடத்துவதுமில்லை. கொழும்பு மருத்துவ பீடத்தின் உடற்றொழிலியலாளர் கார்லோ பொன்சேகா தீமிதிப்பை அளந்து ஆராய்ந்து 1971இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையும், பாதத்தின் தோற்றடிப்பையும் தொடுநேரத்தையும் கொண்டே அதனை விளக்கிற்று. நடத்தல் மானிடர்க்கு இயலும், நிற்றலே இயலாதது. இவ்வேறுபாட்டை அறிந்து பட்டியலிட்டவருக்கு, அவர் இறக்கும்வரை அந்த இலட்சம் ரூபாயைக் கொடுக்க நேரவில்லை.

அவர் புகழ் தமிழகத்துத் திரைவரை சென்றது. அவருடைய நோயாளர் குறிப்பொன்றினை அடியாகக் கொண்டு 1972இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' வந்தது. மறு ஆண்டு அது தமிழில் 'மறுபிறவி' ஆயிற்று. மறுபிறவி இல்லையெனச் சொன்னவருக்கு அப்பெயரில் ஒரு படம்! இந்தியாவெங்கும் சென்று அற்புதங்களைச் செய்து காட்டிப் பின் அவற்றின் சூட்சுமத்தையும் விளக்கிய அவர் முறையைப் பின்னாளிற் பிரேமானந்த் போன்றோர் தொடர்ந்தனர்.

இவ்வளவும் கூறியபின் குறையையும் கூறாதிருத்தல் தகாது. கோவூரின் குணமாக்கற் கதைகள் யாவும் அவரே சொன்னவை. நோயாளரின் நலன் கருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டன, அது முறையே. ஆயினும் தோல்வியுற்ற கதைகள் அரிதாகவே அச்சேறின. குணமானோர் ஐந்தாண்டின் பின் எவ்வாறிருந்தனர் என ஆராய்ந்தார் எவருமில்லை. அற்புதம் செய்வோரிடம் அவர் கேட்ட சாட்சியத்தை அவரிடம் யாரேனும் கேட்டிருப்பின், பாமன்கடை வீட்டின் கோப்புகள் எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்திருக்கும்? வர்ஜீனியாப் பல்கலைக்கழக உளமருத்துவர் ஸ்டீவன்சன், இலங்கைக் குழந்தைகள் சிலரையும் உள்ளிட்ட மறுபிறப்புக் கதைகள் இருபதினை 1966இல் வெளியிட்டார். அவர் முடிபு பிழையென்று கொள்வோரும், சாட்சிகளின் கூற்றை ஒவ்வொன்றாக அட்டவணைப்படுத்திய அவரது பொறுமையை மறுக்க மாட்டார். கோவூரிடம் முடிபு இருந்தது; அந்தப் பொறுமை குறைவாக இருந்தது.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. அற்புதம் உரிமை கோருவோர் ஒன்றில் ஏமாற்றுவோர், அன்றேல் மனநலம் குன்றியோர் என்பது அவர் வகைப்பாடு. நலமுடைய கோடிக்கணக்கான மக்கள் இருட்டில் அஞ்சுவதும், இறந்த தாயின் காலடி ஓசையைக் கேட்பதும் எவ்வகையில் அடங்கும்? கூர்ப்பைக் கற்பித்தவர் கூர்ப்பை நம்பிக்கையின்மேற் பொருத்திப் பார்க்கவில்லை. அதனைச் செய்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மெய்யியலாளர் டானியல் டெனற். 1942இற் பிறந்து, ஒக்ஸ்போர்டில் கில்பேர்ட் றைலிடம் பயின்று, டஃப்ற்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து, 2024இல் மறைந்த அவர், மனமும் சமயமும் கூர்ப்பின் விளைவுகளே எனக் காட்ட வாழ்நாளைச் செலவிட்டார். புதரில் சலசலப்புக் கேட்டபோது காற்றென்று இருந்தவனைவிட, யாரோ இருக்கின்றார் என்று ஓடியவனே தப்பிப் பிழைத்தான். அவன் வழிவந்தோர் இன்றும் ஆளற்ற இடத்தில் ஆளைக் காண்கின்றனர். சமயம் பற்றிய தமது 2006ஆம் ஆண்டு நூலில் இக்கருத்துக்கு அவர் முக்கிய இடமளித்தார். இதன்படி பேயைக் காண்பது நோயன்று. நலமுள்ள மூளையின் பரம்பரைச் சொத்து. 1991இல் வெளிவந்த நூலிலோ, மூளையினுள் அனைத்தையும் அமர்ந்து நோக்கும் தலைவன் ஒருவன் இல்லை, ஒன்றோடொன்று போட்டியிடும் பல செயல்களே உள்ளன என்றார். கல்லை எறிந்துவிட்டு, தான் எறியவில்லை என அச்சிறுமி சத்தியம் செய்ததும் உண்மையாக இருக்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் அரிது. டெனற் நூலில் எழுதியதன் சாட்சிகளைக் கோவூர் வெள்ளவத்தை வீடுகளில் ஏற்கெனவே கண்டிருந்தார். கண்டதன் பெயரை அறியவில்லை.

இலங்கையரான மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர கதிர்காமத்துச் சடைமுடிப் பெண்களைப் பற்றி 1981இல் எழுதிய நூலையும் இங்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். அப்பெண்களின் சடை ஒவ்வொருவரின் தனித்துயரத்துக்கும் வடிவம் தருவதாக அவர் கண்டார். கோவூர் சந்தித்திருப்பின் அச்சடையை வெட்டுமாறு அறிவுறுத்தியிருப்பார். அது சிலருக்கு விடுதலையாகவும், சிலருக்கு எஞ்சியிருந்த ஒரேயொரு மொழியைப் பறித்ததாகவும் முடிந்திருக்கும். மின்னசோட்டாவிலுள்ள மெய்யியல் நிறுவனமொன்று கோவூரின் ஆய்வுகளுக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பட்டத்தை வைத்து அவரை எடைபோட வேண்டியதில்லை. கல்லெறிந்த பிள்ளையைத் தண்டியாது அதன் துயரத்தைக் கேட்டறிந்த பொழுதுகளை வைத்தே எடைபோடலாம்.

ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே வெள்ளவத்தைப் பக்கம் வரும் நாட்களில், நகரமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலத் தோன்றும். அத்திரளுக்குச் சிறிது தூரத்திலேயே கோவூர் குடும்பம் வாழ்ந்தது. முக்கியமான காரியங்களை வேண்டுமென்றே அசுப வேளையிற் தொடங்குவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். துணைவியார் குஞ்ஞம்மா 1974இல் இறந்தபோது அவருடலும் மருத்துவ மாணவரின் கல்விக்கே கொடுக்கப்பட்டது. உயிரியலாளரான மகன் ஏரீஸ் பிரான்சில் வாழ்ந்தார். தம்முடைய கண்கள் கண்வங்கிக்கும், உடல் மருத்துவக் கல்விக்கும், பின்னர் எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கும் சேரவேண்டுமெனக் கோவூர் எழுதிவைத்தார். சடங்கெதுவும் வேண்டாம் என்பதும் அதிலிருந்தது.

1978 செப்தெம்பர் 18ஆம் நாள் எண்பதாவது வயதில் அவர் காலமானார். இறுதியாகக் கற்பித்த பாடசாலையின் மாணவர், விலா எலும்புகளை எண்ணிப் படிப்பதற்கு, அவர் விரும்பியவாறே தம்மைக் கொடுத்துச் சென்றார்.